இருபதாவது பேர்

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடப்போறோம்னு ஆபீசர் வந்து சொன்னப்போ, "நீங்க போங்க, நாங்களே நடத்திக்கறோம்"னு சொன்னது நான்தான். தையல்காரிக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு ஊரே சிரிச்சுது. சிரிச்சா சிரிக்கட்டும்னு அலைஞ்சு திரிஞ்சு அனுமதி வாங்கிட்டு வந்தேன். வாத்தியார் அவங்க அனுப்பற ஆள், மத்ததெல்லாம் எங்க பாடு. நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. இருபது பிள்ளைங்க இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பூட்டுதான்.

வீட்டுக்கு ஒரு நாள் முறை வச்சோம். முறைக்காரங்க வந்து கூட்டிப் பெருக்கி, மணியடிச்சு, பேர் கூப்பிடணும். அப்புறம்தான் வாத்தியார் பாடம் நடத்துவார். பிள்ளைங்க சரியா இருபது பேர் இருந்தாங்க. மழைக்காலத்துல என் தங்கச்சி மக காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா. ரெண்டாம் வகுப்பு.

ரிஜிஸ்டர்ல அவ பேரை அடிச்சா பள்ளிக்கூடம் போச்சு. மத்த பத்தொன்பதும் பஸ் இல்லாத ரோட்டுல ஆறு மைல் நடக்கணும். பள்ளிக்கூடத்துக்குன்னு ஊர்ல வச்ச கமிட்டியில, "அடிக்க வேண்டாம்"னு சொன்ன பாவி நான். பக்கத்துல உக்கார்ற பிள்ளைகிட்ட, "அவ பேர் வந்தா நீ 'உள்ளேன்' சொல்லிடு"ன்னு சொல்லிக் கொடுத்ததும் நான்தான். தங்கச்சியும் தடுக்கல. "பேராவது இருக்கட்டும்க்கா"ன்னா.

முதல்ல அந்தப் பிள்ளை வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லும். ஒரு மாசம் கழிச்சு பால்காரர் தன் முறையை முடிச்சுட்டு நேரா என் தையல் மெஷின்கிட்ட வந்து நின்னார்.

"அது அந்தப் பிள்ளையோட குரல் இல்லம்மா."

"காதைக் குடைஞ்சுட்டு வாங்க, போங்க"ன்னு விரட்டிவிட்டேன். மறுநாள் என் முறை. பேரைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை வாய் அசைஞ்சுது, வந்த குரல் என் தங்கச்சி மகளோடது. பெஞ்சுல ஒரு ஆள் உக்கார்ற இடத்தை விட்டுட்டுத்தான் எல்லாரும் நெருக்கி உக்காந்திருந்தாங்க. அப்படி விடச் சொல்லி யாரும் சொல்லல.

வருஷம் முடிஞ்சு எல்லாரையும் மேல ஏத்தினப்போ அவளையும் மூணாம் வகுப்புக்கு ஏத்த வேண்டியதாப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் தங்கச்சி நீலத்துணியோட வந்தா.

"யூனிஃபார்ம் தைக்கணும்க்கா. பழைய அளவுக்கு ரெண்டு விரல் கூட்டி வை. வளர்ந்திருப்பா இல்ல?"

ஏண்டி இப்படிப் பேசறேன்னு கேக்காம அளவெடுத்து வெட்டினேன். தைச்சுக் கொடுத்தேன்.

தங்கச்சி வீட்டு முறை வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வேற ஆளை அனுப்பிட்டிருந்தோம். ஆபீசர் சோதனைக்கு வந்த அன்னைக்கு யாரையும் கேக்காம அவளே வந்து மணியடிச்சுட்டா. நல்லாத் தலை சீவி, சிரிச்ச முகமா இருந்தா. ஆபீசர் ஓரமா நாற்காலியில உக்காந்தார். அவ ஒவ்வொரு பேராக் கூப்பிட்டுக் கடைசிப் பேருக்கு வந்தா.

"உள்ளேன்"னு குரல் வந்துது.

ஆபீசர் நிமிர்ந்தார். "யாரு அது? எழுந்து நில்லும்மா."

யாரும் எழல. தங்கச்சி அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "எழுந்திரு கண்ணு, சார் கேக்கறார்ல"ன்னா. அப்புறம் ஆபீசர் பக்கம் திரும்பி, "கூச்சம் சார் அவளுக்கு"ன்னா.

காய்ச்சல்னு, லீவுன்னு சொல்லப் பொய்யெல்லாம் தயாரா வச்சிருந்தேன். வாத்தியாரும் பால்காரரும் என்னையே பார்த்தாங்க. ஒரு வார்த்தை பொய் சொன்னா பள்ளிக்கூடம் நிக்கும். ஆனா என் தங்கச்சி அந்த பெஞ்சுகிட்டயே நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பா, நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்புன்னு.

"அந்தப் பிள்ளை செத்துப் போச்சு சார். போன மழைக்கே போச்சு. நான்தான் பேரை வச்சிருக்கச் சொன்னேன்."

ஆபீசர் பேனாவை மூடி சட்டைப்பையில வச்சுக்கிட்டார். பின்னாடி வாத்தியார், "கெடுத்தீங்களே"ன்னார்.

தங்கச்சி ரிஜிஸ்டரை மேஜையில வச்சுட்டு என்கிட்ட வந்தா. அழல, கத்தல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவளுக்கு நிஜமாவே தெரியணும்ங்கற மாதிரி கேட்டா:

"செத்துப்போனவளை எதுக்குக்கா தினமும் கூப்பிட்டீங்க?"