மெத்தைக் கடையில் தூங்கும் வேலை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இனி நான் விடும் கொட்டாவியெல்லாம் பாதியில் நின்றுபோகட்டும். திறந்த வாய் திறந்தபடி நான் தெருவில் திரியட்டும். சத்தியம் செய்தாகிவிட்டது. இனி நடந்ததைக் கேளுங்கள்.

நான் ஒரு துணிக் கிடங்கில் இராக்காவல் பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைதான் போனது, பழக்கம் போகவில்லை. ஊர் அடங்கியதும் என் கண் டார்ச் விளக்கு மாதிரி பளிச்சென்று எரியும். வெயில் ஏறினால்தான் இமை கனக்கும். இருட்டில் எழுந்து வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பேன். துணி அலமாரியிடம் போய், "யாரது?" என்று அதட்டுவேன்.

"காலமெல்லாம் ஊரு தூங்க நீங்க காவல் காத்தீங்க. இப்ப நீங்க தூங்க நான் காவலா?" என்று என் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மருந்துக் கடைக்கார அம்மாள் அட்டையை எடுத்தாரே தவிர, கையை விட்டு விடவில்லை.

"ஐயா, இத ராத்திரி படுக்கையில உக்காந்துதான் போடணும். போட்டுட்டு அது எடுக்கிறேன் இது எடுக்கிறேன்னு எந்திரிக்கக் கூடாது. விடியிற வரைக்கும் தூங்க நேரம் இருந்தா மட்டும் போடுங்க. மது ஆகாது. இருமல் மருந்தோ வேற எதுவோ டாக்டரக் கேக்காம கூடச் சேக்காதீங்க. சில பேரு இதப் போட்டுட்டுத் தூக்கத்துலயே நடப்பாங்க, சமைப்பாங்க, வண்டிகூட ஓட்டுவாங்க. முழிச்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"எனக்கு முழிச்சிருக்கும்போதே சைக்கிள் ஓட்ட வராதும்மா."

"அப்ப நடந்துதான் போவாரு. தேடிப் பிடிச்சிரலாம்," என்று என் மனைவி அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இது ஒரு பக்கம் இருக்க, என் மனைவியின் தம்பி மெத்தைக் கடை வைத்திருந்தான். அவன் தைக்கும் மெத்தையில் குறை சொல்ல முடியாது. வாங்கத்தான் ஆளில்லை. நான் மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வாரமே ஒரு யோசனையோடு வந்திருந்தான்.

"அத்தான், கண்ணாடிக்குப் பின்னாடி வெறும் மெத்தையப் போட்டா எவனும் நின்னு பாக்க மாட்டேங்குறான். அது மேல ஒரு ஆளு சுகமாத் தூங்குனா பாப்பான். பட்டப்பகல்ல தூங்குறதுக்கு உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"தூங்குறதுக்கு ஒரு வேலையா, மச்சான்?"

"முன்னாடி வேலையில தூங்குனீங்க. இப்பத் தூங்குறதே வேலை. அவ்வளவுதான் வித்தியாசம்."

பழிச்சொல்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நான் கண்ணாடிக்குள் படுத்த முதல் நாளே தெரு மந்தமாகிவிட்டது. பார்த்தவன் கொட்டாவி விட, அவனைப் பார்த்தவன் கொட்டாவி விட, அந்தக் கொட்டாவி முனை திரும்பி, பேருந்து நிலையம் தாண்டி, பக்கத்து ஊர் எல்லைவரை போய் நின்றதாகச் சொன்னார்கள். எதிர்க்கடைத் தராசு முள்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததாம்.

மாத்திரை தொடங்கியதும் எல்லாம் தலைகீழானது. இரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். அதனால் பகலில் கண்ணாடிக்குள் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன். புது மெத்தைமேல் பொட்டுத் தூக்கமில்லாத கிழவன் ஒருவன் கூரையை முறைத்துக்கொண்டிருந்தால் எவன் வாங்குவான்?

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெரிய தங்கும் விடுதியின் மேலாளர் வருவதாகச் சொல்லி அனுப்பினார். வந்து பார்ப்பார், பிடித்தால், வேனில் ஏற்றித் தயாராக வைத்திருக்கும் மெத்தைகள் அத்தனையும் நேரே விடுதிக்குப் போகும். பிடிக்காவிட்டால் கடைக்குப் பூட்டு.

"அத்தான், அன்னிக்கு ஒரு மத்தியானம் தூங்கிக் குடுத்துருங்க. என் பொழப்பு உங்க கண்ணு மேல இருக்கு," என்றான் மச்சான். 

ஆகவே முந்தின இரவு மனைவி கொடுத்த மாத்திரையை விழுங்காமல் தலையணை உறைக்குள் தள்ளினேன். மறுநாள் மத்தியானம், கண்ணாடிக்குள் படுத்து, அதைப் போட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்தேன். தூக்கம் வந்தபாடில்லை. தொண்டை கரகரத்ததால் கல்லாவில் இருந்த இருமல் மருந்தையும் எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டு மறுபடி படுத்தேன். மது ஒன்றைத் தவிர, செய்யக் கூடாது என்று அந்த அம்மாள் சொன்னவற்றை ஒன்று விடாமல் செய்து முடித்த திருப்தியில் கண்ணை மூடினேன்.

இதற்குமேல் நடந்ததில் பாதி பார்த்தவர்கள் சொன்னது. மீதியை நான் கனவிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

மெத்தை மூச்சு விட்டது. நான் எழுந்தேன். கண்ணாடி குளத்து நீர்போல விலகி வழிவிட்டது. வெளியே தெரு குளத்தின் அடியில் கிடந்தது. மனிதர்கள் மீன்களைப்போல மெல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டு நீந்தினார்கள். அவர்கள் கண்ணுக்குக் கீழே கருப்பு தட்டியிருந்தது. வேன், தண்ணீருக்குக் காத்திருக்கும் பசுவைப்போல நின்றது. நான் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து ஏறினேன். அதுவாகவே நடந்தது.

நான் ரோந்து போனேன். பழக்க தோஷம். ஆனால் அன்று பூட்டுகளை விட்டுவிட்டு மனிதர்களை ஆட்டிப் பார்த்தேன். நாற்சந்தியில் கை நீட்டியபடி நின்ற போக்குவரத்துக் காவலருக்கு ஒரு மெத்தை விரித்தேன். பேருந்துக்குக் காத்திருந்தபடி விடைத்தாள் திருத்திய டீச்சரம்மாவுக்கு ஒன்று. காய்கறிப் பையைக் கீழே வைக்க மறந்து நின்ற அம்மாளுக்கு ஒன்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "நான் பாத்துக்கிறேன், நீங்க தூங்குங்க," என்றேன். அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வெகுகாலம் காத்திருந்தவர்கள் மாதிரி இருந்தது. வெள்ளைச் சதுரங்களாக ஊர் விரிந்து கிடந்தது. மேலே மேகம்கூட ஒருக்களித்துப் படுத்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வாயில் சாவிக்கொத்தைச் சப்பியதுபோல் கசப்பு. நான் வேனின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு மெத்தைகூட இல்லை.

"அத்தான், என்ன காரியம் பண்ணீட்டீங்க! மொத்தச் சரக்கையும் ரோட்டுல விரிச்சிருக்கீங்களே!" மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். "மேனேஜர் எங்க?"

கடைக்கு வரக் கிளம்பியவர் விடுதி வாசலிலேயே கிடந்தார். கழுத்துப்பட்டி நெற்றியில் கிடக்க, கடைசி மெத்தைமேல் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார்.

மருந்துக் கடை அம்மாள் ஓடி வந்தார். மச்சானை விட்டால் ஊரில் படுக்காத ஒரே ஆள் அவர்தான். கடையில் ஆள் இல்லாமல் படுக்க மாட்டேன் என்று மெத்தையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் நாடியைப் பிடித்தார், கண்ணைப் பிரித்துப் பார்த்தார்.

"பகல்லயா போட்டீங்க?"

"ம்."

"கூட என்ன குடிச்சீங்க?"

இருமல் மருந்து என்றேன்.

"வேன் மரத்துல மோதியிருந்தா? குறுக்க ஒரு குழந்தை வந்திருந்தா? கதையா சொல்லிக்கிட்டிருப்பீங்க? இனி இந்த மாத்திரைல ஒண்ணுகூடத் தொடக் கூடாது. இப்பவே டாக்டர்கிட்ட வாங்க. நடந்தத மறைக்காமச் சொல்லுங்க."

வேன் சாவியைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தேன். பசு நடந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்போது மேலாளர் புரண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்தார். மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த மெத்தை எல்லா ரூமுக்கும் வேணும்," என்றார் அவர். "ஆனா மெத்தை மட்டும் பத்தாது. 'நான் பாத்துக்கிறேன்'னு ஒருத்தர் சொன்னாரே, அவரும் வேணும். ராத்திரிக்கு. முழிச்சிருக்கிற மாதிரி." சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

மச்சான் அழுதுகொண்டே சிரித்தான். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். இரவில் நான் விடுதி மாடிகளில் நடந்து, கதவு கதவாக அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். பகலில் மாத்திரை இல்லாமலே தூங்குகிறேன். கடையும் ஓகோவென்று நடக்கிறது.

என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. தம்பி என்று யாரும் கிடையாது.