சைமியின் கேக்

ஹில்லாப் பழச்செடி பூத்த வாரம் பார்த்து உறைபனி விழுந்தது. ஊரைச் சுற்றியிருந்த சதுப்புகளில் பூவெல்லாம் கருகிப்போயிற்று. அந்த வருஷம் பழத்துக்கென்று யாரும் வாளியைக் கழுவவில்லை, என்னைத் தவிர. ஏரியோரம் எங்களுக்கு ஒரு சின்னச் சதுப்பு இருந்தது. ஏரியிலிருந்து எழும் மூடுபனி அங்கே பூவைக் கருக விடாது.

ஹில்லா விளையும் இடத்தை நாங்கள் கூடப்பிறந்தவளுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். கல்யாணத்துக்கு மறுநாள் என் கணவர் எல்யாஸ் என்னை அங்கே கூட்டிப்போனார். மோதிரத்தைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைத்தேன்.

ஜூலைக் கடைசியில், சர்ச் முடிந்து எல்லோரும் கூடிக் குடிக்கும் காபிக்கு சைமி கேக் கொண்டுவந்தாள். மேலே முழுக்க மஞ்சள் ஹில்லா. சைமி எல்யாஸோடு படித்தவள், இப்போது விதவை. ஐம்பது தாண்டியும் இடுப்பு பெருக்காதவள்.

"எங்கடி கிடைச்சுது?" என்று எல்லோரும் மொய்த்தார்கள்.

"போன வருஷத்துப் பழம்தான். ஃப்ரீஸர்ல கிடந்துச்சு."

யாரிடம் கதை விடுகிறாள்? உறைந்து இளகிய பழம் சாறாய்ச் சரிந்துவிடும். இவை ஒவ்வொன்றும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. இந்த வருஷம் புதுப் பழம் எங்கள் சதுப்பில் மட்டும்தான். வீட்டுக்குள் நுழைந்ததுமே எல்யாஸைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ், நம்ம இடத்தை அவளுக்குக் காட்டிட்ட, இல்ல?"

"யாருக்கு?"

"நடிக்காத. சைமிக்கு! படகைத் தூக்கிக் குடுத்திருந்தாக்கூட ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்."

"நான் காட்டலை, கெர்ட்டு."

"அப்ப காட்டுக் கரடி வந்து காட்டுச்சா?"

அவர் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு, மற்றதோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அவதான் எனக்குக் காட்டினா. நீ வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடி. அது அவங்க அப்பா பறிச்ச இடம்."

நான் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தேன்.

"நமக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ அந்தப் பக்கமே வரலை. இந்த வருஷம் வேற எங்கயும் இல்லையே. ஒரு கிண்ணம் பறிச்சுக்கவான்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் போனா. இன்னொரு தடவை வரட்டுமான்னா, சரின்னேன்."

"அவ குடுத்த இடத்தைப் போய் எனக்கு ஏன்யா காட்டின?"

"வேற நல்ல இடம் எனக்குத் தெரியாதே."

இருபத்தாறு வருஷம் அந்தப் பழத்தில் ஜாம் கிளறி, எங்கள் சதுப்பு, எங்கள் சதுப்பு என்று மனசுக்குள் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை இரண்டு வாளியோடு போனேன். பழுத்ததை எல்லாம் பறித்தேன். சிவந்து கல்லாய் இருந்த காய்களையும் விடவில்லை. அவை எதற்கும் ஆகாது. காயில் கைவைப்பவளை எங்கள் ஊரில் திருடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சைமியின் கிண்ணத்துக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.