தொண்ணூறு டிகிரி ஏணி

வெல்டரின் மனைவி தண்ணீர்த் தொட்டியின் ஏணிக்குப் பெயிண்ட் அடிக்க ஏறினாள், ஆனால் மேல்படிக்குப் போய்ச் சேரவில்லை, ஏனென்றால் அந்த ஏணிக்கு மேல்படி கிடையாது. வெல்டர் எப்போதும் ஏணியைச் சாய்த்தே வைப்பவர். சுவரிலிருந்து ஏணிக்கால் தள்ளி நிற்கும் தூரத்தை, சாய்வுக் கோணத்தின் ‘டான்’ (tan) மதிப்பால் பெருக்கினால் உயரம் வந்துவிடும். தொட்டிக்காரரோ இடமில்லை, நெட்டுக்குத்தாக வேண்டும் என்றார். வெல்டர் பழக்கதோஷத்தில் ஒரு அடி தூரத்துக்கு டான் தொண்ணூறு தட்டினார். நல்ல கால்குலேட்டர் என்றால் அந்த இடத்தில் ‘எரர்’ காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இவருடையது கடைசித் தசமத்தில் ஒரு மயிரிழையை விழுங்கிவிட்டு, திரை கொள்ளாத எண் ஒன்றைக் கொடுத்தது. அவரும் நம்பினார். இரண்டு கட்டுக் கம்பிதான் வாங்கினார், அதுவே போதுமானதாக இருந்தது. இரும்புக்கடைக்காரரும் இதை மறுக்கவில்லை. ஏணியை நிமிர்த்திய காலையில் மூடுபனி. வெயில் வருமுன் அடித்துவிடலாமென்று மனைவி டப்பாவோடு ஏறினாள். பனி விலகியதும் வெல்டர் அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த சுத்தியல் காலில் விழுந்தது. வலித்தது என்று அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

“மாப்ள, என் பொண்ணு எங்க?” என்றார் மாமியார்.

“மேல, அத்தை.”

“மேலன்னா?”

வெல்டர் விரலை வானத்துக்கு நீட்டினார். ஏணியை அறுத்தால் அவள் விழுவாள். கயிற்றில் சாப்பாடு போனது, காலிப் பாத்திரம் இறங்கியது. காலையில் “சாப்பிட்டியா?” என்று கத்தினால், “பெயிண்ட் எங்கய்யா?” என்று சாயங்காலம் குரல் வந்து சேர்ந்தது. இப்படியே ஒரு வருடம் போனது.

அளவில் ஒரு நூல்கூடப் பிசகாதவர் என்பதால் ‘நூல்’ என்றே அழைக்கப்பட்ட லேத் பட்டறைக்காரர், கடைசியில் தன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். “என்னோடது எரர்னு சொல்லுது. உன்னோடது தெரியாததத் தெரிஞ்ச மாதிரி அளந்துவிட்டிருக்கு, மச்சான். ஒரே ஒரு டிகிரி சாய்ச்சுப் பாரு, அம்பத்தேழு அடிக்கு வந்துரும்.”

“ஏணி சடார்னு எறங்கினா அவ என்னய்யா ஆவா?”

“அப்ப மேலயே குடும்பம் நடத்தச் சொல்லு.”

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரையால் ஏணிக்காலை நெம்பினார். வானத்தில் எதுவோ சுருட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது. கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேல் நாலாவது படியில் மனைவி நின்றாள். ஒரு கையில் பிரஷ், இடுப்பில் குழந்தை.

“என்ன பாக்குற? ஏறும்போதே ரெண்டு மாசம். எறங்கி வந்து சொல்லலாம்னு இருந்தேன்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

பெண் குழந்தை. தரையில் விட்டால் தவழாது, படிக்குக் கை நீட்டி அழும். வெல்டர் வீட்டுச் சுவரெங்கும் கம்பிப்படி பற்றவைத்தார், இம்முறை டேப்பால் அளந்து. இப்போது அது சாப்பிடுவதும் தூங்குவதும் விட்டத்தருகே. தாய் கீழே நின்று ஊட்டக் கழுத்து வலிக்கிறது என்பதைத் தவிர அந்த வீட்டில் குறையொன்றுமில்லை.