சலவை ஆலையின் கூரையில் இரண்டு டிராகன்கள்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஆலையில் அவள் இஸ்திரி போடுபவள். கூட வேலை செய்பவர்கள் அவளை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கை அப்படி. தவறிப்போய்ப் பட்டால் பக்கத்து மேசைக்காரி துள்ளிக் குதிப்பாள். நாள் முழுக்கச் சூட்டோடு இருக்கலாம் என்றுதான் அந்த வேலைக்கே வந்தாள்.

அவள் ஒரு சூனியக்காரி. அம்மாவும் அப்படித்தான். தன் உடம்புச் சூட்டை எடுத்து அடுத்தவர் உடம்பில் வைப்பாள் அம்மா. அசையாமல் பிறந்த குழந்தை வீறிட்டு அழும். ஊரே வாசலில் வந்து நின்றது. கொடுத்துக் கொடுத்தே ஒருநாள் நாலு போர்வைக்கு அடியில் விறைத்துப்போனாள். அந்த வித்தை சின்ன மகளுக்கும் வந்திருந்தது. சிறுவயதில் அவளும் சிலருக்குக் கொடுத்தவள்தான். அம்மாவைத் தூக்கிப்போன அன்றைக்கு, இனிமேல் யார்மீதும் இந்தக் கையை வைப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

அதே ஆலையில் துணி மடிக்கும் அக்கா மட்டும் விடவில்லை. "இருக்கிறதைக் குடுத்தா என்னடி குறைஞ்சிடப் போற?" என்பாள். என்ன குறையும் என்பதை அக்காவும் பார்த்தவள்தான்.

டிராகன்கள் எப்போதும் மேகத்துக்கு மேலேதான் போகும். நிழல் தெருவில் ஓடும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரு ஜோடி ஆலையின் கூரையில் இறங்கிவிட்டது. பாய்லர் அறைக்கு நேர் மேலே. கிட்டே போனவர்களை ஆண் டிராகன் நெருப்பு ஊதி விரட்டியது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். பல நாள் சரியாகத் தூங்காத முகம்.

"எங்க தங்கச்சி சூனியக்காரி சார், டிராகன் பேசுறதும் அவளுக்குப் புரியும்" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அட, இவ்வளவு நாளா வாயே திறக்கலையே! ஏறிப்போய் ஓட்டிவிடும்மா, வார்டுக்கெல்லாம் துணி போயாகணும்" என்றார் மேனேஜர், காக்காய் விரட்டச் சொல்வதுபோல.

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தீயணைப்புக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல உக்காருங்க. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா சுடச் சொல்லி உத்தரவு. எனக்கு அதுல துளியும் இஷ்டமில்ல. ஆனா உங்களால முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பேசிக்கிறேன்."

இப்படி ஒரு வார்த்தையை அவளிடமோ அவள் அம்மாவிடமோ யாரும் சொன்னதில்லை. "பார்த்துட்டு மட்டும் வர்றேன்" என்று எழுந்தாள். அவரும் பின்னாலேயே ஏணியில் ஏறினார்.

பெண் டிராகன் கூரையோடு கூரையாகக் கிடந்தது. செதில்கள் சாம்பல் பூத்திருந்தன. ஆண் அதை ஒரு சிறகால் மூடிக்கொண்டு, நெருப்பை ஊதி ஊதி உதடெல்லாம் கொப்புளித்து நின்றது. அது பேசுவது அவளுக்குப் புரிந்தது.

"இவளுக்கு உள்ளே நெருப்பு அணைஞ்சுபோச்சு. நான் ஊதுறது தோலோட நின்னுடுது. உன்னால குடுக்க முடியுமா?"

"என்கிட்ட அவ்வளவு இல்ல."

"தெரியுது" என்றது டிராகன். கோபம் இல்லை. திரும்பவும் ஊதத் தொடங்கியது. கெஞ்சியிருந்தால் அவள் இறங்கிப் போயிருப்பாள். அந்த ஒற்றைச் சொல்தான் அவளை நிறுத்தியது. ஸ்வெட்டரின் கையை மடித்துவிட்டாள்.

"என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார் பின்னால் நின்றவர்.

சொன்னாள்.

தீயணைப்புக்காரர் கொஞ்சம் யோசித்தார். "உங்க உடம்புலேர்ந்து மட்டும்தான் எடுக்கணுமா?"

அவள் திகைத்துவிட்டாள். "தெரியாது. எங்கம்மா யார்கிட்டயும் கேட்டதில்ல."

"நீங்களும் கேக்க வேணாம்." கையுறையைக் கழற்றிவிட்டு நீட்டினார். பிடித்ததும், "ஐயோ!" என்று அலறினார். பிறகு முகம் சிவந்து, "மன்னிச்சிடுங்க. பிடிங்க, பிடிங்க" என்றார். கையை விடவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சூடு வந்தது. அதோடு அவருடைய அசதியும் வந்தது: தோளில் போட்டுக்கொண்டு ஓடிய உடம்புகள், தாமதமாகப் போய்ச் சேர்ந்த வீடுகள், மனைவி போன பிறகு இரண்டாவது தட்டு வைக்காத மேசை. அவளுடைய அசதிக்குப் பக்கத்தில் அது சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுகையைப் பெண் டிராகனின் கழுத்தில் வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செதில்களுக்கு அடியில் மெல்லச் செம்மை பரவியது. மூக்கிலிருந்து ஒரு நூல் புகை எழுந்தது. ஆண் டிராகன் தலையைத் தாழ்த்தி ஏதோ முனகியது. அதில் ஆலையின் ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன.

இருவரும் பல் கிட்டிப்போய் இறங்கி வந்தார்கள். அக்கா ஓடிவந்து போர்வைகளைச் சுற்றினாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது.

"என்கிட்டயும் கேட்டிருக்கலாமேடி."

"நீயும் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே, அக்கா."

அக்கா தரையைப் பார்த்தாள். "அம்மாவுக்காவது..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துவிடத் தொடங்கினாள்.

பாய்லருக்கு மேலே சுட்டால் ஆலையே வெடித்துவிடும் என்று சொல்லித் தீயணைப்புக்காரர் அவகாசம் வாங்கினார். பெண்ணுக்குப் பறக்கத் தெம்பு வரும்வரை அவை அங்கேயே கிடந்தன. கூரைச் சூட்டில் துணி சீக்கிரம் காய்கிறது என்று மேனேஜர் எல்லோரிடமும் பெருமையடித்தார். ஒரு மத்தியானம் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன. அவளுக்குக் குவிந்த வேலையில் வெளியே வந்து பார்க்கவும் முடியவில்லை. தீயணைப்புக்காரர்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டும் போகவில்லை.

வேலை முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வீட்டுக்கு வந்துடுறீங்களா? கல்யாணம் பண்ணிக்கிட்டுதான். ஆனா ஒண்ணு, வேலை முடிஞ்சு வந்தா எனக்குப் பேசக்கூட உசிர் இருக்காது."

"எனக்கும்தான்."

"அப்போ பேசாம உக்காந்திருக்கலாம்."

"எங்க அக்கா வாரம் ஒருதடவை வருவா. அவ ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிடுவா."

அவர் சிரித்தார். சமையலறை ஜன்னலின் தாழ்ப்பாள் சரியில்லை, அதை முதலில் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் தூங்கிப்போனார். தலை அவள் தோளில் சாய்ந்தது. பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து மூடியது. அவள் எழுப்பவில்லை.