நான்காவது மூச்சு

சோதனைக் கூடத்தில் அன்று யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் குழப்பம் வந்தது அந்தக் கணக்கில்தான். மூடிய விண்கலத்துக்குள் மூவர்: இடப்பக்க இருக்கையில் விமானி, நடுவில் மருத்துவர் அம்மாள், வலப்பக்கம் ஆய்வுத் தலைவியின் தம்பி. மூவரும் அடுத்த வாரம் அதே கலத்தில் மேலே போகிறவர்கள். கலத்துக்கு வெளியே, தடித்த கண்ணாடிக்கு இந்தப் புறம், திரையின் முன்னால் கருவிப் பொறியாளர். உடம்பு அப்படி என்பதால் எல்லாருக்கும் அவர் ‘கம்பி’. அவருக்குப் பின்னால் முக்காலியில் பயன்பாட்டு ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி. கதவோரம், உட்கார நேரமில்லாதவராய், இயக்குநர்.

தலைவியின் பிரிவு செய்த மூச்சுமானிக்கு அன்று கடைசிச் சோதனை. கலத்துக்குள் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று காற்றை வைத்தே அது எண்ணும். மூன்றுக்குக் குறைந்து அரை நிமிடம் ஆனால் மணி அடிக்கும். தூக்கத்தில் ஒருவருக்கு மூச்சு நின்றாலும் மற்றவர்கள் விழித்துக்கொள்ளலாம்.

திரையில் நான்கு கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

“உள்ள எத்தனை பேர்ப்பா?” என்றார் இயக்குநர்.

“கண்ணுக்குத் தெரியறது மூணு சார்,” என்றார் கம்பி.

ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் கரகரத்தது. “அக்கா, நாலாவது ஆளுக்கு எங்க சாப்பாட்டுல பங்கு கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்.”

“வாயை மூடு. மூணு பேரும் கொஞ்சம் மூச்சைப் பிடிங்க.”

மூன்று கோடுகள் படுத்துக்கொண்டன. நான்காவது மட்டும் தன்பாட்டுக்கு ஏறியது, பாதியில் ஒரு சின்னத் திக்கல், மறுபடி ஏறியது. அந்தத் திக்கலைத் தலைவிக்குத் தெரியும். சிறுவயதில் நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்ததிலிருந்து அவளோடு இருப்பது அது. கருவியை உருவாக்கிய காலமெல்லாம் காலையில் முதல் ஆளாக வந்து, கலத்துக்குள் தனியாக உட்கார்ந்து, தன் மூச்சையே கொடுத்து அதைப் பழக்கியிருந்தாள். வெளியாட்களை அழைத்தால் பத்து இடத்தில் அனுமதி வாங்க வேண்டும். தன் மூச்சுதானே, காசா பணமா என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவள் உதட்டை இறுக்கி மூச்சைப் பிடித்தாள். நான்காவது கோடும் நின்றது. மறுபடி முதலில் ஏறியது அந்தக் கோடுதான். அதற்குப் பிறகுதான் அவள் நெஞ்சு ஏறியது.

“சனியன், ஒரு தடவை அணைச்சுப் போட்டாச் சரியாயிடும்,” என்று கம்பி விசையைத் தட்டினார்.

திரை இருண்டது. அவளுக்கு மூச்சு தொண்டையோடு நின்றுபோயிற்று. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். குரலுக்குக் காற்று இல்லை. எதிரே கம்பி முதுகைக் காட்டியபடி சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏதோ பாட்டு வேறு. துடைத்து, மாட்டி, சாவகாசமாக விசையைப் போட்டார். நான்கு கோடுகளும் எழுந்தன. அவள் நெஞ்சுக்குள் காற்று திபுதிபுவென்று வந்தது.

“என்ன மேடம், இப்படி வேர்த்திருக்கு?”

“புழுக்கம்.”

“அந்த ஒரு கோட்டை மறைச்சுட்டாப் போச்சு மேடம். யாருக்குத் தெரியப்போகுது?”

“அதுக்கு யார் மூச்சுன்னு தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். உள்ள ஒருத்தருக்கு நின்னுபோனாலும் மூணு இருக்குன்னு சும்மா இருந்துடும்.”

இயக்குநர் குறுக்கிட்டார். “எனக்கு வியாக்கியானம் வேணாம்மா, எழுத்துல குடுங்க. சரியா இருக்குன்னா, அது இனிமே அணையாம ஓடும். இல்லைன்னா இன்னிக்கே அணைச்சுப் பிரிச்சுட்டு, பழைய கருவியை மாட்டிடறேன்.”

தலைவி தன் அறைக்குப் போய்த் தாளை எடுத்தாள். ‘கருவி சரியாக இயங்குகிறது’ என்று எழுதினாள். நிமிர்ந்தபோது சன்னலுக்கு அப்பால் தம்பி கலத்திலிருந்து இறங்கி, கம்பியைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தான். கைக்குழந்தையாக அவன் தூங்கும்போதெல்லாம் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுப்பாள். கருவியின் யோசனை பிறந்ததே அந்த விரலில்தான்.

தாளைக் கிழித்தாள். வேறு தாளில், ‘கலத்தில் இல்லாத ஆளையும் இந்தக் கருவி எண்ணுகிறது. உடனே அணைத்துப் பிரித்துவிடவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, மடித்து, உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினாள்.

தம்பி தலையை நீட்டினான். “அக்கா, சாப்பிடப் போலாமா? பசி உயிர் போகுது.”

“நீ போ, வரேன். போற வழியில இதை இயக்குநர் கையில குடுத்துடு.”

“என்னைப் பத்திக் கோள் மூட்டியிருக்கியா?”

“ஆமாண்டா. போ.”

அவன் உறையால் விசிறிக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தான். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சு கொண்ட மட்டும் மூச்சை இழுத்து நிறைத்து, உதட்டை மூடிக்கொண்டாள்.