ஆள் உயர நாணல்

தெய்வசிகாமணி நாணலுக்குள் குந்தியிருப்பது இது இரண்டாவது நாள். இடஒதுக்கீட்டு மறியலின்போது உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டவர்களில் அவனும் ஒருவன். மற்றவர்கள் கல்வராயன் மலைப் பக்கம் ஓடிவிட்டார்கள். அவன் மனைவி அம்சவள்ளிக்கு ஏழு மாதம். விட்டுப் போக மனசு வரவில்லை. ஏரி நாணல் பெண்கள் ஒதுங்குகிற இடம். ஊர் ஆண்கள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். அங்கே போலீஸ் தேடாது என்று யோசனை சொல்லிக் கூடவே வந்து உட்கார்ந்தவன் பங்காளி செல்லமுத்து. பெரிய மூளைக்காரன்.

முன்பெல்லாம் கரையிலிருந்து தண்ணீர்வரைக்கும் நாணல்தான். பத்துப் பெண்கள் உள்ளே போனாலும் ஒருத்தி இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. இந்தப் பக்கம் இவனும் அந்தப் பக்கம் செல்லமுத்துவும் கோடைக்குக் கோடை கொளுத்தி, உழுது, மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். சும்மா கிடக்கிற புல்தானே. போன சித்திரையில் தீ வைத்தபோது அம்சவள்ளி மட்டும், "நாங்க எங்க போறது?" என்று கேட்டாள். "அந்தாண்ட இன்னும் இருக்குதில்ல," என்றான். அந்தாண்ட மிஞ்சியதுதான் இப்போது இருவரையும் மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு களத்து அளவு. சுற்றிலும் மல்லாட்டைச் செடி முழங்கால் உயரம். கரைமேல் போலீஸ். இருட்டினால் டார்ச் அடித்தார்கள்.

உச்சி வெயிலில் அம்சவள்ளி தூக்கில் கூழ் கொண்டுவந்தாள். புல்லுக்குப் போகிறவள் மாதிரி கையில் அரிவாள்.

"வூட்டாண்ட வந்தாங்களா?"

"காலைல வந்து கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

கூழைக் குடித்து முடித்தான். அவள் போகவில்லை. அடிவயிற்றில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கியபடி நின்றாள். உதடு வெடித்திருந்தது.

"நீ சாப்ட்டியா?"

"நேத்துலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சிருப்பேன். குடிச்சா எங்க போறது? இன்னிக்கி முடியலங்க."

செல்லமுத்து தரையைப் பார்த்தான். தெய்வசிகாமணிக்கு வெட்கமாக இருந்தது. ரோட்டில் மரத்தைச் சாய்த்த அன்று இருந்த மிதப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நாங்க அப்டி திரும்பிக்கினு ஒக்காந்துக்கிறோம். நீ போ."

"அவங்க?"

வரப்பில் நான்கு பெண்கள் புல் அறுப்பதுபோல் குனிந்திருந்தார்கள். அந்த வரப்பில் புல்லே கிடையாது. அதில் ஒருத்தி செல்லமுத்துவின் தம்பி பொண்டாட்டி, அவன் எதிரில் நிமிர்ந்துகூட நிற்காதவள்.

"இன்னும் ரெண்டு நாளு பொறுத்துக்கச் சொல்லு," என்றான் செல்லமுத்து. "வெளிய போனா புடிச்சிக்கினு போயிடுவான். கொழந்த பொறக்கறப்ப நீ ஜெயில்ல இருப்ப."

தெய்வசிகாமணி அம்சவள்ளியின் வயிற்றைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"ஒங்க அண்ணன வரச் சொல்லு. ஐப்பசில மல்லாட்டைய புடுங்கிடட்டும்."

அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்தாள். பிறகு தானாகவே விட்டாள்.

முழங்கால் உயரச் செடிகளுக்கு நடுவே அவன் முழுசாகத் தெரிந்தான். செல்லமுத்து திட்டிக்கொண்டே பின்னால் வந்தான். கரையில் விசில் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி கரைக்கு நேராகப் போகவில்லை. நாணலுக்கு முதுகைக் காட்டி, தூரத்து மதகைப் பார்த்து நடந்தான். பின்னால் அவசரமான காலடிகளும் வளையல் சத்தமும் நாணல் விலகுகிற சரசரப்பும் கேட்டன. அவன் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நன்றாகத் தூக்கினான். கரைமேல் இருந்த தொப்பிகள் ஒவ்வொன்றாக மதகுப் பக்கம் திரும்பின.