இடப்பக்கக் கயிறு

...எந்தக் கயிற்றைப் பிடிப்பது, இதற்கெல்லாமா ஒரு மனிதன் இப்படி நின்று யோசிப்பான், கரைவலை இழுக்க வந்தவன் இழுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே, ஆனால் வலப்பக்கக் கயிற்றில் திலக்சனும் மற்றவர்களும் நிற்கிறார்கள், நடுவில் என் இடம் காலியாக இருக்கிறது, புனர்வாழ்வு நிலையத்தில் நான் கிடந்த மாதங்கள் முழுக்க அந்த இடத்தில் ஒருத்தரையும் நிற்க விடவில்லையாம், அதைச் சொல்லும்போது திலக்சனுக்குக் கண் கலங்கியது... இவன்களை எப்படி வெறுப்பது? அம்மாவின் செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவன்கள் இவன்கள்தான். தோணிக்குப் பின்னால் முதன்முதல் போதைத்தூளைத் தந்தவன்களும் இவன்கள்தான், யாரும் வற்புறுத்தவில்லை, கை மாறி வந்தது, என் முறை வந்தது, வாங்கினேன், வேண்டாம் என்றால் கூட்டத்துக்கு வெளியே போய்விடுவேனோ என்ற பயம், தூளைவிட அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

இந்தக் கரையில் ஒரு வழக்கம், ஒரு கயிற்றைப் பிடித்தவனுக்குப் பருவம் முடியும்வரை அந்தக் கயிறுதான், மாறினால் கோபம் என்று அர்த்தம். கோபம் இல்லையடா, பயம்... இதை எப்படிச் சொல்வது? காலையில் கஜந்தி தேத்தண்ணியைத் தந்துவிட்டுப் படலைவரை வந்து நின்றாள், அவ்வளவுதான், பெண்சாதி அப்படி நின்றால் புருசன் என்ன செய்வான். கால் இடப்பக்கம் நடந்தது. அந்தக் கயிற்றில் நிற்கும் றஊப் நானா, வெற்றிலையைத் தவிர வேறொன்றும் அறியாத மனுசன், ஏன் என்று கேட்காமல் தனக்கு முன்னால் இடம் விட்டார். திலக்சன் பார்க்கிறான், பார்க்கட்டும், எனக்கு முதுகு எரிகிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேனே, மடையன், வலை கிட்ட வர வர இரண்டு கயிற்றுக்காரரும் நெருங்கித்தானே ஆகவேண்டும், இத்தனை வருசம் இழுத்தவனுக்கு இதுகூட நினைவில்லை. இப்போது திலக்சன் கைக்கெட்டும் தூரத்தில், அவன் விரல்கள் நடுங்குகின்றன, எனக்குத் தெரிந்த நடுக்கம், ஏசப்போகிறான், இல்லாவிட்டால் தோணிப்பக்கம் கூப்பிடப்போகிறான், கூப்பிட்டால் நான்...

“கோபமோடா?”

“இல்லை மச்சான். அங்க நிண்டா எனக்கு ஏலாது.”

மீன் நிறைந்த வலைமடி கரையேறியது, சாளை துள்ளியது, எல்லாரும் குனிந்தோம், குனிந்தபடியேதான் கேட்டான்.

“நாளைக்கு இஞ்சால இன்னொராளும் பிடிக்கலாமோ? நானாட்டக் கேளன்.”

சந்தோசம்தான், ஆனால் இவனை நான் இழுப்பேனா, இவன் என்னை இழுத்துக்கொண்டு போவானா... எங்கே நிறுத்துவது இவனை, முன்னால்தான், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எனக்குப் பின்னால் றஊப் நானா நிற்பார்தானே?